கூரையில் வைஃபை பெட்டி: மாட்டுபவர் போய்விடுவார், பொறுப்பு உங்களிடம்தான்

2008 ஜூலை 26 மாலை, அகமதாபாத்தில் தொடர் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு ஊடக நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. ஐ.பி. முகவரியைப் பிடித்துக்கொண்டு போன காவல்துறை, நவி மும்பையின் சான்பாடாவில் ஓர் அடுக்குமாடி வீட்டுக் கதவைத் தட்டியது. அங்கே குடியிருந்தவர் ஓர் அமெரிக்கர். மின்னஞ்சலுக்கும் அவருக்கும் தொடர்பில்லை. அவருடைய வைஃபை பூட்டப்படாமல் கிடந்தது. வேறு யாரோ அதில் இணைந்து வேலையை முடித்துவிட்டுப் போயிருந்தார்கள். இது தெளிவாவதற்குள் அவர் சில வாரங்கள் விசாரணை வளையத்தில் இருந்தார். அடுத்த மாதம் வந்த மின்னஞ்சல் மாட்டுங்காவில் உள்ள கால்சா கல்லூரியின் வைஃபையிலிருந்து கிளம்பியது. செப்டம்பர் 13 டெல்லி குண்டுவெடிப்பின்போது வந்தது, செம்பூரில் ஒரு தனியார் நிறுவனத்தின் வைஃபையிலிருந்து.

வீடு, கல்லூரி, அலுவலகம் என்று மூன்று இடங்கள். ஐ.பி. முகவரி வைஃபையை மாட்டியவரைக் காட்டாது. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் காட்டும்.

செங்கல்பட்டிலும் மாமல்லபுரம் கடற்கரையிலும் இன்று வைஃபை இல்லாத அலுவலகத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஜி.எஸ்.டி. சாலை ஓரத்து ஆடிட்டர் அலுவலகம், மறைமலை நகர் தொழிற்கூடம், மகேந்திரா சிட்டி நிறுவனங்கள், ஒத்தவாடைத் தெருவின் தங்கும் விடுதிகள், கிழக்குக் கடற்கரைச் சாலை ரிசார்ட்டுகளின் வரவேற்பறை என எல்லா இடத்திலும் கூரையில் ஒரு வெள்ளைப் பெட்டி தொங்குகிறது. ஆக்சஸ் பாயின்ட், சுருக்கமாக ஏ.பி. என்று டெக்னீஷியன்கள் சொல்லும் அந்தப் பெட்டியை மாட்ட ஒரு மணி நேரம் போதும். அந்த ஒரு மணி நேரத்தில் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டால், பின்னால் வரும் செலவையும் அலைச்சலையும் உரிமையாளர்தான் சுமக்க வேண்டும்.

லைசென்ஸ் வேண்டுமா?

சொந்த அலுவலகத்துக்குள் வைஃபை வைத்துக்கொள்ள எந்த உரிமமும் தேவையில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மத்திய அரசு 2005 ஜனவரியிலேயே உரிமத்திலிருந்து விலக்கிவிட்டது. 5 கிகாஹெர்ட்ஸின் பெரும்பகுதி 2018 அக்டோபரில் அதே பட்டியலில் சேர்ந்தது. இந்தச் சலுகைக்கு நிபந்தனைகள் உண்டு. கருவி, அரசு நிர்ணயித்த அளவுக்குள்தான் அலைபரப்ப வேண்டும்; அதற்கு மத்திய அரசின் அலைவரிசைப் பிரிவு தரும் ஈ.டி.ஏ. என்ற ஒப்புதலும் இருக்க வேண்டும்.

ஆகவே பெட்டியைப் பிரித்ததும் கருவியின் முதுகில் உள்ள லேபிளைப் படியுங்கள். மாடல் எண், சீரியல் எண், மேக் முகவரி, கம்பெனி வைத்து அனுப்பிய பாஸ்வேர்டு எல்லாம் பெரும்பாலும் அதில் இருக்கும். பில்லில் எழுதிய மாடலும் லேபிளில் உள்ள மாடலும் ஒன்றுதானா என்று சரிபார்த்து, கூரைக்குப் போகும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். மாட்டிய பிறகு லேபிள் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அப்போது படிக்க ஏணிதான் வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. "கட்டடத்துக்குள் டவர் கிடைக்கவில்லை" என்றால், வைஃபையோடு சேர்த்து ஒரு செல்போன் சிக்னல் பூஸ்டரையும் தலையில் கட்டப் பார்ப்பார்கள். வைஃபை எக்ஸ்டெண்டர் வேறு, செல்போன் பூஸ்டர் வேறு. தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியில்லாமல் செல்போன் பூஸ்டரை விற்பதும் வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் சட்டவிரோதம். அது அக்கம்பக்கத்தாரின் அழைப்புகளையும் கெடுக்கும்.

கதிர்வீச்சு பற்றிய பயமும் பலருக்கு உண்டு. அலுவலக ஏ.பி. ஒன்று பொதுவாக ஒரு வாட்டின் சிறு பகுதி சக்தியில்தான் இயங்குகிறது. இத்தகைய பலவீனமான ரேடியோ அலைகளால் உடல்நலக் கேடு உண்டு என்பதற்கு நம்பத்தகுந்த அறிவியல் சான்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2006-இல் தெரிவித்தது. ஏ.பி.யால் உண்மையில் வரக்கூடிய ஆபத்துகள் ஏணி, மின்சாரம், பாஸ்வேர்டு ஆகிய மூன்றும்தான்.

யாரிடம் அனுமதி கேட்பது?

வாடகைக் கட்டடம் என்றால் முதலில் கட்டட உரிமையாளரைக் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் சட்டம் கடை, அலுவலகங்களுக்கும் பொருந்தும். உரிமையாளரின் எழுத்துப்பூர்வ சம்மதமின்றி கட்டமைப்பில் மாற்றம் செய்யவோ நிரந்தரக் கட்டுமானம் எழுப்பவோ வாடகைதாரருக்கு உரிமையில்லை. நான்கு திருகாணிக்கு இது பொருந்தாது என்று வாதாடலாம். ஆனால் தளத்தில் துளை போட்டு மாடிக்கு மாடி கேபிள் இழுப்பதும், மொட்டை மாடியில் கம்பம் நடுவதும் வேறு கதை. "வைஃபை கேபிளும் பிரேக்கெட்டும் பொருத்தச் சம்மதம்; காலி செய்யும்போது கருவிகளை எடுத்துக்கொண்டு துளைகளை அடைத்துத் தருகிறோம்" என்று இரண்டு வரி எழுதி வாங்கிவிட்டால், அட்வான்ஸ் திரும்ப வாங்கும் நாளில் தகராறு வராது.

மாமல்லபுரத்தில் இன்னொரு கட்டமும் உண்டு. 1984 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக உள்ள இந்த ஊரில் கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு ஆகியவற்றைச் சுற்றிலும் வீடுகளும் விடுதிகளும் நெருங்கி நிற்கின்றன. 2010-இல் திருத்தப்பட்ட தொல்லியல் சின்னங்கள் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு மேல் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. அறைக்குள் கூரையில் ஏ.பி. மாட்டுவதை யாரும் கட்டுமானம் என்று சொல்லப்போவதில்லை. மொட்டை மாடியில் இரும்புக் கம்பமோ சிறு கோபுரமோ எழுப்புவதானால், அது எந்தக் கணக்கில் வரும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது. விண்ணப்பம் தகுதிபெற்ற அதிகாரி வழியாக தேசிய நினைவுச்சின்ன ஆணையத்துக்குப் போகும். அனுமதியின்றிக் கட்டினால் 2 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கம்பத்தை நட்டுக் கொடுத்த டெக்னீஷியன் இதையெல்லாம் சொல்லப்போவதில்லை.

ஏணி, டிரில், மின்சாரம்

சுவரைத் துளைக்கும் முன் அதற்குள் என்ன ஓடுகிறது என்று தெரிய வேண்டும். சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலும் நேர் கீழும் பெரும்பாலும் குழாயும் ஒயரும் புதைந்திருக்கும். அந்த அறையின் எம்.சி.பி.யை அணைத்துவிட்டு, பேட்டரி டிரில்லால் துளையிடச் சொல்லுங்கள். ஏணியில் ஒருவர் ஏறினால் இன்னொருவர் கீழே பிடித்திருக்க வேண்டும். ஃபால்ஸ் சீலிங் பலகை ஆள் எடையைத் தாங்காது, பெரிய ஏ.பி.யைப் பலகையை மட்டும் நம்பி விடுவதும் தவறு. பலகையைத் தாங்கும் உலோகச் சட்டத்தில் கிளிப் போட்டு மாட்டி, தனியாக ஒரு பாதுகாப்புக் கம்பியையும் மேல்தளத்தோடு கட்ட வேண்டும். பெட்டியைப் பலகைக்கு மேலே ஒளித்து வைத்தால் பார்க்க அழகாக இருக்கும், சிக்னல்தான் அடிபடும். உலோகக் கூரை என்றால் கேட்கவே வேண்டாம்.

மேலே 230 வோல்ட் பிளக் தேவையில்லை. நெட் கேபிள் வழியாகவே மின்சாரம் அனுப்பும் பி.ஓ.இ. முறை இருக்கிறது, அதில் ஓடுவது சுமார் 44 முதல் 57 வோல்ட் நேர்மின்சாரம். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்து அடாப்டர் சொருகுவது தீ விபத்துக்கு வழி, ஒப்புக்கொள்ளாதீர்கள். புதிய பிளக் பாயின்ட் தேவைப்பட்டால் அதை அரசு உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் செய்ய வேண்டும். நெட் கேபிள் இழுக்க வந்தவரையே "அப்படியே ஒரு பாயின்ட் எடுத்துக் கொடுப்பா" என்று சொல்வது இங்கே வழக்கம். அப்படி எடுத்த பாயின்ட்டில் தீப்பிடித்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்கும் கேள்வி, வேலை செய்தவர் யார் என்பதுதான்.

வேலையாட்களை அனுப்பும் ஒப்பந்ததாரரிடம் ஈ.எஸ்.ஐ. அல்லது விபத்துக் காப்பீடு உண்டா என்று கேட்பது உங்கள் உரிமை. ஏணியில் ஏறுபவருக்கும் அது உரிமைதான்.

கேபிளும் உப்புக்காற்றும்

கேபிளில்தான் ஏமாற்று அதிகம். கேட்6 என்று அச்சிட்டு, அலுமினியக் கம்பிக்குச் செம்புப் பூச்சு பூசிய கேபிளை விற்கிறார்கள். மின்தடை அதிகம் என்பதால் பி.ஓ.இ. மின்சாரம் போகும்போது அது சூடாகும், தூரம் போனால் ஏ.பி.க்குப் போதிய மின்சாரமும் கிடைக்காது. வெட்டிய முனையைப் பிளேடால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள்: உள்ளேயும் செம்பு நிறம் என்றால் நல்ல கேபிள், வெள்ளி போல வெளுத்தால் திருப்பிக் கொடுங்கள். பில்லில் "முழுச் செம்பு" என்று எழுதி வாங்குங்கள். கேபிள்கள் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்ச்சிலிருந்து ஏ.பி. வரை மொத்த நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. மின்சார ஒயர் போகும் குழாய்க்குள்ளேயே நெட் கேபிளையும் திணிக்கவும் கூடாது.

கடலோரத்தில் உப்புதான் பெரிய எதிரி. கேபிள் முனையில் மாட்டும் ஆர்.ஜே.45 பிளக்கில் எட்டுச் செம்புக் கலவை நாக்குகள் இருக்கும். மேலே மெல்லிய தங்கப்பூச்சு. மலிவான பிளக்கில் அந்தப் பூச்சு பெயருக்குத்தான். உப்பு ஈரம் பட்டால் நாக்கு பச்சை பூத்துவிடும். அப்போது நெட் ஒரேயடியாக நிற்காது. மழைக்காலத்தில் விட்டுவிட்டு வரும், வேகம் குறையும். ஆளாளுக்கு நெட் கம்பெனியைத் திட்டுவார்கள். வெளியில் மாட்டுவதற்கு ஐ.பி.67 போன்ற தரக் குறியீடு உள்ள கருவி, கேபிள் நுழையும் இடத்தில் ரப்பர் கிளாண்ட், 316 ரகத் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி ஆகியவற்றைக் கேளுங்கள். கேபிள் பெட்டிக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

2022 டிசம்பர் 9 நள்ளிரவையொட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டித்தான் கரையைக் கடந்தது. இங்கே கம்பத்தில் பெட்டியைக் கட்டுபவர் அதை மனதில் வைத்தே கட்ட வேண்டும். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே வெளியில் செம்புக் கேபிள் இழுத்தால் இடி மின்னல் அதன் வழியாகவே உள்ளே வந்து ஸ்விட்ச்சையும் கணினிகளையும் கருக்கும். அந்த இடைவெளிக்கு ஃபைபர் போடுங்கள். முடியாவிட்டால் எர்த் இணைத்த சர்ஜ் புரொடெக்டராவது வேண்டும்.

விருந்தினருக்கு வேறு கதவு

அமெரிக்காவில் டி.ஜே.எக்ஸ். என்ற கடைத் தொடர் நிறுவனத்தின் 4.5 கோடிக்கும் மேற்பட்ட வங்கி அட்டை விவரங்கள் திருடுபோன செய்தி 2007-இல் வெளியானது. திருடர்கள் நுழைந்த வழி, ஒரு கிளைக் கடையின் பலவீனமான வைஃபை. கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்தபடியே அதைப் பிடித்துவிட்டார்கள்.

நம்மூர் விடுதிகளில் நடப்பது என்ன? அறை எடுத்தவர், காபி குடிக்க வந்தவர், பில் போடும் கணினி, கார்டு தேய்க்கும் மெஷின், சிசிடிவி பெட்டி எல்லாம் ஒரே வைஃபையில். பாஸ்வேர்டு மேஜைமேல் ஒட்டியிருக்கும். பெரும்பாலான அலுவலக ஏ.பி.களில் இரண்டு மூன்று பெயரில் வைஃபை போடும் வசதி உண்டு. அலுவலகத்துக்கு ஒன்று, விருந்தினருக்கு ஒன்று என்று பிரித்து, விருந்தினர் பக்கத்திலிருந்து உள் கணினிகள் தெரியாதபடி பூட்டச் சொல்லுங்கள். இதற்குத் தனிச் செலவு பெரும்பாலும் இல்லை, கேட்டால்தான் செய்வார்கள்.

2008 சம்பவங்களுக்குப் பிறகு, 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை இணைய நிறுவனங்களுக்கு உத்தரவு பிறப்பித்தது. பொது இடத்தில் வைஃபை பயன்படுத்துபவரின் அடையாளம் தெரிய வேண்டும்: புகைப்பட அடையாள அட்டை நகல், அல்லது செல்போனுக்கு வரும் கடவுஎண். விடுதிகளில் ஓ.டி.பி. கேட்பதன் வேர் இதுதான். காசு வாங்கிக்கொண்டு இணையத்தைப் பிறருக்கு விற்பதற்கு முறையான அனுமதி வேண்டும். சிறு கடைகள் உரிமக் கட்டணமின்றிச் செய்வதற்காகவே 2020 டிசம்பரில் பி.எம். வாணி திட்டம் வந்தது.

விருந்தினரின் செல்போன் எண்ணை வாங்கினால் அதைக் காப்பதும் உங்கள் கடமை. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. அதன் கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. போதிய பாதுகாப்பின்றித் தரவைக் கசியவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமுண்டு. ஓ.டி.பி.க்காக வாங்கிய எண்ணுக்குத் தீபாவளித் தள்ளுபடிச் செய்தி அனுப்பினால், ஏன் என்று கேட்க விருந்தினருக்கு உரிமையுண்டு.

டெக்னீஷியன் கிளம்பும் முன்

கீழ்க்கண்டவை கைக்கு வந்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்:

1. அட்மின் பாஸ்வேர்டு. கம்பெனி வைத்ததையும் டெக்னீஷியன் வைத்ததையும் மாற்றி, உங்கள் முன்னாலேயே புதியது போட வேண்டும். அவருடைய செல்போன் ஆப்பிலோ ஈமெயிலிலோ கருவி பதிவாகியிருந்தால் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள்.

2. பூட்டு. வைஃபை பாதுகாப்பு முறை டபிள்யூ.பி.ஏ.3, பழைய கருவிகள் இருந்தால் டபிள்யூ.பி.ஏ.2. பாஸ்வேர்டு இல்லாமல் பட்டனை அழுத்தியே இணைய விடும் டபிள்யூ.பி.எஸ். வசதி அணைந்திருக்க வேண்டும்.

3. வரைபடம். எந்த ஏ.பி. எங்கே, எந்தக் கேபிள் ஸ்விட்ச்சின் எந்தத் துளையில் என்று ஒரு தாளில். கேபிளின் இரு முனையிலும் எண் ஒட்டியிருக்க வேண்டும்.

4. நேரம். பல ஏ.பி.களில் கடிகாரம் தானாகச் சரியாகாது. மின்சாரம் போய் வந்தால் 1970 ஜனவரி 1 என்று காட்டும் கருவிகளும் உண்டு. நேரம் தப்பான பதிவேடு சாட்சிக்கு உதவாது. இந்திய நேரத்தோடு இணையவழி ஒத்திசைய வைக்கச் சொல்லுங்கள்.

5. பதிவுகள். எந்தக் கருவி எப்போது இணைந்தது என்ற பதிவு ஏ.பி.க்கு வெளியே ஒரு கணினியில் சேமிக்கப்பட வேண்டும். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் 28 உத்தரவுப்படி நிறுவனங்கள் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும்.

6. ஜி.எஸ்.டி. பில், உத்தரவாத அட்டை, வேலைக்கான உத்தரவாதம் எத்தனை மாதம் என்ற ஒரு வரி.

வேலையை விட்டு ஒருவர் போகும் நாளிலேயே பாஸ்வேர்டும் மாற வேண்டும்.

ஏதாவது நடந்துவிட்டால்

முதலில் எல்லோரும் செய்வது ரீசெட் பட்டனை அழுத்துவது. அதைச் செய்யாதீர்கள். பல ஏ.பி.கள் பதிவுகளைத் தற்காலிக நினைவகத்தில்தான் வைத்திருக்கின்றன. அணைத்துப் போட்டால் அழிந்துவிடும். ஏ.பி.க்குப் போகும் கேபிளைத் தொடாமல், வெளியிலிருந்து வரும் இணைய ஒயரை மட்டும் கழற்றிவிட்டு, பதிவுகளை நகலெடுங்கள், திரையைப் படமெடுங்கள்.

பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணை அழையுங்கள். பிற சைபர் குற்றங்களுக்குத் தேசிய சைபர் குற்ற இணையதளத்திலோ மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ புகார் கொடுக்கலாம். எல்லைப் பிரச்சினை சொல்லி எந்தக் காவல் நிலையமும் திருப்பி அனுப்ப முடியாது. நிறுவனம் என்றால், ஊடுருவல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்கும் தெரிவிக்க வேண்டும். இலவச எண் 1800-11-4949. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43-ஆம் பிரிவின்படி அனுமதியின்றி நுழைந்தவரிடம் இழப்பீடு கேட்கலாம். 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலரே தீர்ப்பு அதிகாரியாக இருந்து விசாரிப்பார். கெட்ட நோக்கத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

உங்கள் ஐ.பி. முகவரியைத் தேடிப் போலீஸ் வந்தால் பதற வேண்டாம். தகவல் தொழில்நுட்பச் சட்டக் குற்றத்தை இன்ஸ்பெக்டர் அல்லது அதற்கு மேற்பட்டவரே விசாரிக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 94-ஆம் பிரிவில் போலீஸ் எழுத்துப்பூர்வமாக ஆவணங்களைக் கேட்கலாம். 105-ஆம் பிரிவின்படி சோதனையும் பறிமுதலும் ஒலி, ஒளிப்பதிவு செய்யப்பட வேண்டும். எடுத்துச் சென்ற பொருட்களின் பட்டியல் நகலைக் கேட்டு வாங்குங்கள். பெயரும் நேரமும் உள்ள பதிவேடு கையில் இருந்தால், பெரும்பாலும் அதைக் காட்டுவதோடு விஷயம் முடிந்துவிடும்.

வேலை சரியில்லை என்றால்

டெக்னீஷியன் போன் எடுக்கவில்லை, கேபிள் போலி, பெட்டி விழுந்தது. முதலில் பதிவுத் தபாலிலோ மின்னஞ்சலிலோ குறைகளை எழுதி, சரிசெய்ய ஒரு தேதி கொடுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையவில்லை என்றால் செங்கல்பட்டில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 50 லட்சம் ரூபாய் வரை செலுத்திய விவகாரங்களை அது விசாரிக்கும்; 5 லட்சம் வரை கட்டணமே இல்லை; வழக்கறிஞர் கட்டாயமில்லை. 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.

இதில் ஒரு முட்டுக்கட்டை உண்டு. வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்பது சட்டம். ஆனால் தன் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு விலக்கு உண்டு. கோவை பி.எஸ்.ஜி. தொழிற்கூடத்துக்கு எதிராக லட்சுமி இன்ஜினியரிங் நிறுவனம் தொடுத்த வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் இந்த எல்லையை விளக்கியது. தனியாளாக டிராவல்ஸ் நடத்துபவர் ஆணையத்துக்குப் போகலாம். பெரிய ரிசார்ட் நிர்வாகம் சிவில் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட நிறுவனங்களுக்கு ஒப்பந்தக் கடிதம்தான் ஆயுதம். வேலை தொடங்கும் முன், என்ன கருவி, என்ன கேபிள், எத்தனை நாள், பழுதானால் எத்தனை மணி நேரத்துக்குள் ஆள் வருவார், தாமதித்தால் என்ன கழிவு என்று ஒரு பக்கத்தில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். ஏற்கெனவே மாட்டிவிட்டவர்கள் இன்று ஒரு காரியம் செய்யலாம்: அட்மின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்று அலுவலகத்தில் கேளுங்கள். பதில் சொல்ல ஆளில்லை என்றால், அந்த டெக்னீஷியனைத் திரும்பக் கூப்பிட வேண்டிய நாள் இதுதான்.